ஹாரனுக்கு ஒதுங்காதவர்கள்

ராசாங்கம் பதினெட்டு ஆண்டுகள் டிப்பர் லாரி ஓட்டினார். அரியலூரைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, சிமெண்டு ஆலையில் கொட்டி வருவது வேலை. கூலி நடைக்கணக்கு. வழியில் நாலு இடத்தில் பிரேக் பிடித்தால் நாளுக்கு ஒரு நடை குறையும். அதனால் டிப்பர்காரர்கள் அந்தச் சாலையில் ஹாரனை நம்பியே ஓட்டுவார்கள். சத்தம் கேட்டதும் சைக்கிளும் மாடும் ஆளும் மண்ணில் இறங்கிவிட வேண்டும். இறங்கியும் விடுவார்கள்.

போன பங்குனியில் ஒருவர் இறங்கவில்லை. புல்லுக்கட்டோடு மொபெட்டில் போன தங்கசாமி. லாரி மோதி அவர் இறந்த பிறகு ராசாங்கத்தின் உரிமத்தை முடக்கிவிட்டார்கள். வழக்கு நடக்கிறது, அவர் வீட்டில் இருக்கிறார்.

"ஹாரன் அடிச்சேன் சார், அவருதான் ஒதுங்கல" என்று காவல் நிலையத்தில் சொன்னதையே பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவர் தப்பித்துக்கொண்டிருக்க முடியும். மனைவி ஜெயசித்ரா கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். அவர் சொன்னதை முழுதாக நம்பியவள் எட்டு வயது மகள் சக்தி மட்டும். பள்ளியில் யாராவது அப்பாவைப் பற்றிப் பேசினால், "எங்கப்பா ஹாரன் அடிச்சாரு!" என்று சண்டைக்குப் போய், ரிப்பன் அவிழ்ந்து தொங்க வீடு வருவாள். அவிழ்ந்த ரிப்பனைப் பார்க்கும்போது ராசாங்கத்துக்குக் கொஞ்சம் தெம்பு வரும். வேறெதிலும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், அம்மாவின் போனில் லாரி ஓட்டும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த சக்தி அழ ஆரம்பித்தாள். பாதி வழியில் எதிலாவது மோதி ஆட்டம் நின்றுவிடுகிறது.

"ஈசியா வச்சுக் குடுப்பா."

விளையாட்டின் அமைப்புகளை அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க, அவர் ஒவ்வொன்றாக மாற்றினார். கியர் தானாக விழும். டீசல் தீராது. டயர் வெடிக்காது. டிரைவருக்குத் தூக்கம் வராது.

"இப்படி ஒரு வண்டிய நமக்கு எவன் குடுத்தான்?" என்று சிரித்தார்.

சக்தி ஓட்டினாள். மறுபடியும் மோதினாள்.

"இங்க குடு பாப்பா, நான் ஓட்டிக் காட்டுறேன்."

முன்னால் ஒரு வேன் மெதுவாகப் போனது. ராசாங்கம் ஹாரன் பொத்தானை அழுத்தினார். வேன் தன் போக்கில் போனது. விடாமல் அழுத்தினார். லாரி அதன் முதுகில் ஏறி நின்றது.

"நானும் இப்படித்தாம்ப்பா அடிக்கிறேன். ஒதுங்கவே மாட்டேங்குது."

"கேமு சரியில்ல பாப்பா. ஹாரன் அடிச்சா ஒதுங்கணும்ல?"

அடுப்படியிலிருந்து ஜெயசித்ராவின் குரல் வந்தது. "அதுல பிரேக்குன்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க."

அவர் காதில் வாங்காதவர்போல, சாலையில் மற்ற வண்டிகளே வராதபடி மாற்றிக் கொடுத்தார். சக்தி ஒரு நடையை முடித்துவிட்டாள். விபத்து பூஜ்யம் என்று திரை காட்டியது. கைதட்டிக் குதித்தாள். இரண்டாவது நடையில் பாதியிலேயே லாரியை நிறுத்தினாள்.

"யாருமே இல்லப்பா."

"இல்லாட்டித்தான் ஈசி."

"நல்லால்ல."

வண்டிகளை அவளே திரும்ப வரவைத்தாள். அதே வேன் வந்தது. இம்முறை அவள் பிரேக்கை அழுத்தினாள். லாரி நின்றது, வேன் போனது. நின்று நின்று, நேரம் கடந்து, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அன்னிக்கு நீ பிரேக் புடிச்சியாப்பா?"

"ஹாரன் அடிச்சேன் பாப்பா..."

"அது தெரியும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ராசாங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

திங்கட்கிழமை மாலை சக்தி பள்ளியிலிருந்து வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். ரிப்பன் இரண்டும் காலையில் கட்டியபடியே இருந்தன.

"இன்னிக்கு யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.