மூச்சை எண்ணிக் கெடுத்த கட்டுகள்

இடுப்புவலி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், ஊரில் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகள் ஒரு நோட்டு நிறையக் காணும். பலகையில் படு என்றார்கள், தலையணையை எடு என்றார்கள். எங்கள் தெருப் பால்காரர், எருமைகூட வலி வந்தால் இடம் மாறித்தான் படுக்கிறது என்றார். அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இடம் மாற எனக்கு வழியில்லை.

ஆபரேஷனில் ரத்தம் ஒற்ற எடுக்கும் காஸ் துணியை மடிக்கிற கம்பெனியில் வேலை. நீள மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு, எட்டுப் பெண்கள். சதுரமாக வெட்டி வரும் துணியை, பிசிர் வெளியே தெரியாமல் ஓரத்தை உள்ளே தள்ளி மடிக்க வேண்டும். நூறு சேர்ந்தால் ஒரு கட்டு. வாய் ஊர்க்கதை பேசும், விரல் தன்பாட்டுக்கு எண்ணும். பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

பெஞ்சில் நான் நிமிஷத்துக்கு ஒருதரம் நெளிவதைப் பார்த்துவிட்டு, துணியை வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன், படுத்து எழுந்து மடித்துக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்காரர் இறந்தபிறகு வீட்டில் நானும் ரேடியோவும்தான். எனக்கு மனுஷ முகமும் மனுஷப் பேச்சும் அந்த மேஜையில்தான். ஆடித் தேர் முடியும்வரை பொறுங்கள், அதற்குள் சரிப்படுத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். சரி என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அறுக்கவும் ஒன்றுமில்லை, முழுசாகத் தீர்க்கவும் மருந்தில்லை, இது கூடவே இருக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் மூச்சுப்பயிற்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார். போகும்போது பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன். நின்றாலும் அதே டிக்கெட்டுதான் அக்கா என்று கண்டக்டர் கேலி செய்தார்.

பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் பேங்க் கிளார்க். என்னைவிடச் சின்னவர். தீராத தலைவலிக்காரர், தனக்காகப் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டவர். வலியை விரட்டாதீர்கள், அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள், விட்டுப்போனால் பரவாயில்லை, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள் என்றார்.

பரவாயில்லை என்றது என் காதில் ஏறவேயில்லை. எங்கள் மேஜையில் எண்ணிக்கை விட்டுப்போவது குற்றம். அதுவுமில்லாமல் பத்து என்பது எனக்கு ஒரு கணக்காகவே படவில்லை. நூறு இருந்தால்தானே கட்டு? காலையில் நூறு, சாயங்காலம் நூறு, படுக்கப்போகுமுன் நூறு என்று எண்ணினேன். மறுவாரம் பெருமையாக முந்நூறு என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, இது ஓவர்டைம் இல்ல. பத்தோட நிறுத்துங்க."

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நிறுத்தவில்லை. தேர் நெருங்கிக்கொண்டிருந்ததே. மேஜையில் துணி மடிக்கும்போதும் மூச்சை எண்ணத் தொடங்கினேன். வலி குறைந்ததோ, குறைந்ததென்று நினைத்துக்கொண்டேனோ, பேச்சு நின்றுபோனது. எனக்கு அடுத்து உட்காரும் முஸ்லிம் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. மந்திரமா முணுமுணுக்கிறாய் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லாருக்குட்டி. மூச்சுக்கும் கட்டுப் போட்டு லேபிள் ஒட்டிரு."

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. ஒரு கட்டில் தொண்ணூற்றாறு, இன்னொன்றில் நூற்றுமூன்று. முதலாளி கத்தவில்லை. வயிற்றைத் தைக்குமுன் நர்ஸ் துணியை எண்ணுவார், ஒன்று குறைந்தால் உள்ளே கிடக்கிறதோ என்று தேடுவார்கள் என்று எங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொன்னார்.

"அரைமணி நேரம் தேடிருக்காங்க. அது நம்ம கட்டுலயே இல்லாத துணி."

கட்டில் யார் பேரும் கிடையாது. எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு இடுப்பிலிருந்து குதிகால்வரை இழுத்தது. மூச்சு எங்கே போகிறது, வருகிறது என்றே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் பெஞ்சில் என் இடம் தப்பும். உட்காரவும் முடியவில்லை, எழுந்துவிட்டேன்.

"என் கட்டுதான் முதலாளி. மூச்சையும் துணியையும் சேத்து எண்ணிட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் எத்தனை நாளாக என்று கேட்டார். பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் கட்டிக் கிடங்கில் இருந்த அத்தனையையும் பிரித்து எண்ணச் சொன்னார்.

இரண்டு நாள் நின்றுகொண்டே எண்ணினேன். மூச்சை எண்ண நினைப்பே வரவில்லை. அறுபதில் வலி சுண்டி இழுக்கும். இழுக்கிறது என்று தெரியும், அடுத்தது அறுபத்தொன்று. விட்டுப்போனால் மறுபடி ஒன்று. என்னை நானே திட்டிக்கொள்ள நேரமில்லை. வலி போகவில்லை. போகிறதா என்று பார்க்கவும் எனக்கு ஒழியவில்லை. பதினோரு கட்டு தப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் இனி நீங்கள் மடிக்க வேண்டாம் என்றார் முதலாளி. பையை எடுத்துவிட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. இனி எல்லாக் கட்டையும் இரண்டுதரம் எண்ணி அனுப்பவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்களாம்.

"உங்களுக்குத்தான் ஒரு இடத்துல இருப்புக்கொள்ளலையே. மேஜையச் சுத்தி வந்து எண்ணுங்க. வாயத் தொறக்காம."

பெஞ்சில் என் இடத்துக்குப் பக்கத்து ஊரான தேவதானத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் சுற்றிவந்தேன், வலியும் கூடவே சுற்றியது. காதைச் சுற்றி ஏழெட்டுக் கதைகள் ஓடும், நூறு முடியாமல் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதிலும் அந்த முஸ்லிம் அக்கா, நான் அவள் கட்டைப் பிரிக்கிற நேரம் பார்த்துத்தான் அடுத்த தெருக் கல்யாணம் நின்றுபோன கதையை எடுப்பாள். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

"அறுபத்தி மூணுலயா நிக்க? எண்ணு, எண்ணு. பொறவு சொல்லுதேன்."