செவெரின் காளான் பறித்த இடம்

எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். காளான் பறிக்கும் இடம் மட்டும் ஆளுக்கொன்று. அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. கேட்பது நாகரிகமில்லை, ஆனாலும் கேட்பார்கள்.

இர்மினா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் செவெரின் மரம் அறுக்கும் ஆலையில் மெக்கானிக். செப்டம்பர் பிறந்தால் விடுமுறை நாட்களில் விடியற்காலையிலேயே இருவரும் சைக்கிளை எடுப்பார்கள். தெருமுனைவரை சேர்ந்து போய், பிறகு பிரிவார்கள். இர்மினாவின் இடம் வடக்கே, ஓடைக்கரையில். செவெரின் கொண்டுவருவதோ அதைவிடப் பருத்த, பழுப்புத் தொப்பிக் காளான்கள். நண்பகலுக்கு வந்து சமையலறை மேசையில் கொட்டுவார்.

"எங்க கிடைச்சுது?"

"காட்டுல."

"காட்டுல எங்க?"

"மரத்தடியில."

மணவாழ்க்கை முழுவதும் இந்தப் பேச்சு மாறவில்லை. ஒரு வசந்தகாலத்தில் செவெரின் மாரடைப்பில் போய்விட்டார், இடத்தைச் சொல்லாமலே.

இர்மினாவுக்கு அந்தக் காளான் தேவைப்படவில்லை. மகன் நார்வேயில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஒருவர் சாப்பிட ஓடைக்கரையில் கிடைப்பதே மிஞ்சியது. கணவர் அத்தனை காலைப் பொழுதுகளையும் எங்கே கழித்தார் என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. கல்லறையில் விளக்கேற்றிப் பார்த்தார். அங்கே செவெரின் இருப்பதாகத் தோன்றவில்லை. அது அவர் தானாக விரும்பிப் போன இடம் இல்லையே.

செவெரினின் சைக்கிள் சக்கரத்தில் எப்போதும் கிழக்கு ரோட்டின் வெள்ளை மணல் ஒட்டியிருக்கும். அதனால் இரண்டு இலையுதிர் காலம் இர்மினா கிழக்கே தேடினார். பன்றிகள் கிளறிய மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

இந்த செப்டம்பரில் ஒருநாள் கிழக்கிலிருந்து திரும்பியபோது, பக்கத்து வீட்டு போஜேனா வேலியோரம் நின்றிருந்தார்.

"என்னடி இர்மினா, கிழக்கால இருந்து வர்றே? அப்ப மேற்கால பறிச்சிருக்கே."

"நெஜமாவே கிழக்காலதான்டி போனேன்."

"ஆமா, நான் போப்பாண்டவரோட அக்கா. பறிச்ச பக்கத்துல இருந்து நேரா வீட்டுக்கு வர்றவ இந்த ஊர்ல இருக்காளா? நீ ஓடைக்குப் போயிட்டு ஆலை வழியா சுத்தி வர்றது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

இர்மினா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஊரே செய்கிற வேலை. அவரும் செய்தது. வீட்டுக்குள்ளும் ஒருவர் அதைச் செய்வார் என்று மட்டும் தோன்றவில்லை.

"என்னடி, தலை சுத்துதா?"

"அந்த மனுஷன் எனக்கே மணலக் காட்டியிருக்காருடி."

மேற்கே இருப்பது முகாம். போர்க்காலத்தில் பல தேசத்து விமானப்படை வீரர்களைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்த இடம். பின்னாளில் கொட்டகைகளை விறகுக்கும் செங்கலுக்கும் பிரித்து எடுத்துவிட்டார்கள். பைன் மரம் வளர்ந்துவிட்டது. எங்கள் ஊரார் அங்கே பறிப்பதில்லை. "அங்க மொளச்சது தொண்டையில எறங்குமா?" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் செவெரின். சமீபத்தில் வனத்துறை அங்கே ஒரு நடைபாதை போட்டது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவு சமதளம்.

மறுநாள் இர்மினா சைக்கிளை முனையில் நிறுத்திவிட்டு அந்தப் பாதையில் நடந்தார். காலடியில் சரளைக்கல் நறநறத்தது. பாசி மூடிய அடித்தளங்கள் இருபுறமும் வரிசையாகக் கிடந்தன. மூன்று படிகள் ஏறி ஒன்றுமில்லாமல் முடிந்தன. அறிவிப்புப் பலகைகளின் பழைய புகைப்படங்களில் மகனைவிடச் சின்னப் பையன்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். கொட்டகையில் கூட்டம் நெருக்கியதால், தனியாக இருப்பதற்கென்றே சிலர் வேலியோரம் சுற்றிச் சுற்றி நடந்தார்கள் என்றது ஒரு பலகை.

முகாமின் பழைய தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டியருகே பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று பாதையை அடைத்தது. இர்மினா ஒதுங்கித் தொட்டியின் பின்புறம் போனார். வெள்ளைப் பட்டை உரியும் பூர்ச்ச மரங்கள் நெருங்கி நின்றன. நடுவே கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. அதன் விளிம்பில் காய்ந்த மஞ்சள் பெயிண்ட், அவர்கள் சமையலறைக் கதவின் மஞ்சள். தரை துடைக்க அந்த வாளி எங்கே என்று இர்மினா ஒரு வருடம் கேட்டிருக்கிறார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார் செவெரின்.

இர்மினா வாளிமேல் உட்கார்ந்தார். மண்ணில் அது ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது, செவெரின் எடைக்கு. சுற்றிலும் காளான். பறிப்பாரில்லாமல் அழுகியவை, நேற்று முளைத்தவை. எழுந்து பத்தடி நடந்தால் கூடை நிறைந்துவிடும். நண்பகல்வரை ஆகாது. மிச்ச நேரமெல்லாம் அந்த மனிதர் இங்கே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்னொரு வாளிக்கும் இடம் இருந்தது.

ஓடைக்கரையில் ஒரு சாய்ந்த மரம் உண்டு. அதில் இருவர் உட்காரலாம். இர்மினாவும் செவெரினை ஒருநாளும் அங்கே கூப்பிட்டதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் தேய்ந்த பிறகு கத்தியை எடுத்தார். கூடையோடு பாதைக்கு வந்தபோது, குழந்தை வண்டி தள்ளிவந்த வெளியூர் தம்பதி நின்றார்கள்.

"அடேயப்பா, எவ்வளவு பெரிசு. எங்கம்மா கிடைச்சுது?" என்றாள் அந்தப் பெண்.

"காட்டுல."

"காட்டுல எங்க?"

"மரத்தடியில."

சைக்கிளில் ஏறினார். நேரே போனால் வீடு. இர்மினா கிழக்கு ரோட்டுப் பக்கம் திரும்பி, சக்கரத்தில் மணல் படிய மெதுவாக மிதித்தார்.