நூற்றுக்கு அறுபத்தொன்று

என் மனைவியின் வலது கை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் பலமிழந்தது. பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டே டம்ளரைக் கீழே விட்டாள். பிசியோதெரபி செய்ய வந்த பெண், விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்கச் சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு கெண்டாமா அனுப்பினாள். ஜப்பான்காரர்களின் விளையாட்டுப் பொருள். சின்னச் சுத்தியல் போன்ற மரப்பிடி, அதில் மூன்று கிண்ணங்கள். நூலில் தொங்கும் சிவப்புப் பந்தை மேலே சுண்டிக் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும்.

தினமும் காலையில் நூறு முறை சுண்டுவாள். நான் எதிரே உட்கார்ந்து, பந்து நிற்கும்போதெல்லாம் நோட்டில் கோடு போடுவேன். முதல் நாள் நான்கு. ஆவணிக் கடைசியில் அறுபத்தொன்று.

மீமிசலிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் பெண் ஒருநாள் வாசலில் நின்று பார்த்தாள். "என்ன ஆத்தா, பேரப்புள்ள சாமானப் புடுங்கிக்கிட்டீங்களா?"

"ஒந் தராசு முள்ளவிட இது நேரா நிக்குது பாரு" என்றாள் இவள்.

ஆயுத பூசை வந்தது. அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். உழைக்கிற பொருள்தானே என்று கெண்டாமாவையும் பளபளப்பாக்கிச் சந்தனம் வைத்தேன்.

பூசை கழிந்த மறுநாள் முப்பத்தெட்டு. அடுத்த நாள் முப்பத்தைந்து. கை மறுபடி போகிறதோ? நோட்டில் உண்மையான எண்ணை எழுதிவிட்டு, அவளிடம் ஐம்பத்தாறு என்றேன். அவள் கெண்டாமாவை அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பந்து பழசாகிவிட்டதோ என்று ஒரு நப்பாசை. மகளுக்குப் போன் செய்து, அதேபோல இன்னொன்று வேண்டும் என்றேன்.

"அந்த மாடல நிறுத்திட்டாங்கப்பா. வழவழன்னு இருக்க பெயிண்ட இப்ப யாரும் வாங்குறதில்லையாம். கிண்ணம் பெருசா, பந்து சொரசொரன்னு புடிக்கிற மாதிரிதான் வருது. வருசத்துக்கு வருசம் மாத்துறாங்க."

புதியது வந்தது. முதல் நாளே எண்பத்திரண்டு. எனக்கு நிம்மதி இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். கிண்ணம் பழையதைவிட நான்கு மில்லிமீட்டர் அகலம். எண்பத்திரண்டில் கைக்கு எத்தனை, கிண்ணத்துக்கு எத்தனை? அளவுகோலையே மாற்றிவிட்டால் எதை நம்புவது?

"ஒரு தடவ பழசுல போடேன்" என்றேன்.

"எங் கை தேறணுமா, ஒங்க நோட்டு தேறணுமா?" என்று முறைத்தாள். பிறகு பழைய பந்தை எடுத்து விரலால் தேய்த்தாள். முகர்ந்தாள்.

"என்னங்க, பூசைக்கு இதுல தேங்கா எண்ண தடவுனீங்களா?"

தடவியிருந்தேன். கதவு, பீரோ, ஊஞ்சல் பலகை என்று மரச் சாமானுக்கெல்லாம் தடவிய கையோடு இதற்கும் இரண்டு சுற்று.

அவள் சிரிக்கவில்லை. பந்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். "கை போயிருச்சுன்னே நெனச்சுட்டேங்க. நீங்க அம்பத்தாறுன்னப்ப, நான் எண்ணுனது முப்பத்தஞ்சு. நீங்க பயந்துருவீங்கன்னுதான் கேக்கல."

சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தோம். மாலையில் சுண்டினாள். ஐம்பத்தொன்பது.

"ரெண்டு கொறையுது" என்றேன்.

"அது நீங்க தடவுன எண்ண." கெண்டாமாவை என் கையில் திணித்து நோட்டை வாங்கிக்கொண்டாள். "போடுங்க பாப்போம். நான் எண்ணுறேன்."

நூறு முறை சுண்டினேன். என் கணக்கில் ஏழு. அவள் வலது கையால் பேனாவைப் பிடித்து, நிதானமாகப் பன்னிரண்டு என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.