படகுப் பலகையில் ஒரு வாசல் நிலை

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் ஒரு பழைய மரக்கடையில் இப்போது வேலை செய்கிறேன். எந்த ஊரிலும் நான் நிலையாக இருந்ததில்லை. போன மாதம் கோதாவரிப் பக்கமிருந்து ஒரு லாரி தேக்கு வந்து இறங்கியது. அதில் ஒரு கனத்த பலகையில் கோணலான ஓட்டை. கோதாவரியில் ஓடிய ஒரு நீராவிப் படகின் பலகை அது; குழாய்க்காக அந்த ஓட்டையைப் போட்டவன் நான்தான்.

படிப்பைப் பாதியில் விட்டுத் திரிந்த காலத்தில் அந்த மரப்படகில் கொதிகலனுக்கு விறகு தள்ளினேன். கல்யாணக் கூட்டம், ஆடுகள், புகையிலைக் கட்டுகள் எல்லாவற்றையும் அது கரை சேர்த்தது. பிறகு கொதிகலனை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்களாம். பாலம் வந்ததும் அதற்கும் வேலை போனது. சேற்றில் கிடந்ததை இப்போதுதான் பிரித்து விற்றிருக்கிறார்கள்.

விசைத்தறி ஓட்டும் ஒரு அம்மாள் வாசல் நிலைக்கு மரம் தேடி வந்தார். மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. புது வீட்டிலாவது நல்லது நடக்கட்டும் என்று கட்டுகிறார்.

"சாவு உழுந்த எடத்து மரம்னா வாணாம்ணா. வாசலுக்கு ஆவாது."

"ஆத்துல மெதந்துகினு இருந்த மரம்மா இது. நம்ம பாவாவையே கேளு, படகுக்கு மாப்ள மாதிரி இவரு" என்று முதலாளி என்னைக் காட்டிச் சிரித்தார். என்னை அவர் பாவா, அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார்.

"இதுல ஒரு கொழந்த பொறந்துச்சிம்மா" என்றேன்.

பொய் இல்லை. மழையில் விறகு நனைந்து, நீராவி ஏறாமல், படகு நடு ஆற்றில் நின்றபோது பிறந்தது. ஆனால் பெற்றவள் கரை சேரவில்லை. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். முதலாளி பக்கத்தில் நின்றது ஒரு காரணம். அந்தப் படகில் ஒரு துண்டாவது எங்காவது நிமிர்ந்து நிற்கட்டும் என்ற என் ஆசை இன்னொன்று.

"அப்டியா! அப்போ எனக்கு இதான் வோணும்" என்றார் அந்த அம்மாள். அப்படி ஒரு சிரிப்பு.

இந்த வாசல் சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு. சாவு நடந்த மரமா என்று கேட்டவரும் அவர்தான்.

நிலை வைக்கிற அன்று என்னையும் கூப்பிட்டார். நால்வரோடு சேர்ந்து நானும் தூக்கி நிறுத்தினேன். மகள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

"கொழந்த பொறந்த மரம்டி. மொதல்ல நீ உள்ள போ" என்றார் அம்மாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "பெத்தவங்க நல்லா இருந்தாங்களா தாத்தா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாசலில் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. சொல்லியிருந்தால் அப்போதே பிடுங்கி எடுத்திருக்கலாம்.

"ஆங்" என்றேன்.

அவள் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.