படம் ஓடாத மதியம்

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் தலைக்கு மேலே இருந்து குட்டிக் குட்டித் திரைகள் இறங்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் பூட்டிக் காட்டுவாள். அவளுக்கு வியர்க்காது, முடி கலையாது, கால் வலிக்காது. படத்துப் பொண்ணு என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் வருவதற்கு முன்னால் அந்த வேலை எங்களுடையது. ஒவ்வொரு பயணத்துக்கும் நடைவழியில் நின்று பெல்ட்டைக் காட்டு, முகமூடியை இழுத்துக் காட்டு, மிதவைச் சட்டையைத் தலைவழியாக மாட்டிக் காட்டு, கதவு எங்கே என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டு. காட்டிக் காட்டி உடம்புக்கே அது பழகிப்போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் கழிவறை எங்கே என்று கேட்டால்கூட நான் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டித்தான் காட்டுவேன். என் புருஷன் அதைச் சொல்லிச் சொல்லியே நாலு பேரைச் சிரிக்க வைப்பார்.

படத்துப் பொண்ணு வந்தபோது சின்னப் பெண்கள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ரோசமாக இருந்தது. இத்தனை வருஷம் நின்று காட்டியவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே இந்தக் கம்பெனிக்கு என்று பொருமினேன். "அப்பாடா, விட்டது சனி" என்று வாய்விட்டுச் சொன்னது அக்காதான்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. எனக்கு முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவள். விமானி முதல் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். பதவி உயர்வு அவளைத் தேடி வந்தது. இருக்கிற தலைவலி போதாதென்று ஊரான் தலைவலியையும் வாங்கிக்கொள்ளவா என்று தள்ளிவிட்டாள். அதனால் அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு தம்பி எங்களுக்குப் பொறுப்பாளராக வந்து முன்னால் நின்று ஒலிபெருக்கியில் பேசினான். அவள் பின் கதவிலேயே இருந்தாள்.

இருக்கிற தலைவலி என்று அவள் சொன்னது சும்மா இல்லை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் கையும் காலும் போய்விட்டது, பேச்சும் குழறிவிட்டது. பிள்ளைகுட்டி கிடையாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று அந்த உடம்பை அக்காதான் தூக்குவாள். ராத்திரியில் அடிக்கடி எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவர் பொல்லாத மனுஷர் இல்லை. தூக்கும்போதெல்லாம் கண்ணீர் விடுவார். அதையும் இவள்தான் துடைத்துவிட வேண்டும்.

அவள் வெளியூரில் தங்கும் இரவுகளில் மட்டும் அவளுடைய கொழுந்தன் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வான். அண்ணிக்கு வேலை, வேறு வழியில்லை என்பதால் முணுமுணுத்துக்கொண்டே வருவான். மற்ற நாளில் அந்தத் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஆக, அக்காவுக்குத் தூக்கம் என்பது கம்பெனி கொடுக்கும் ஓட்டல் அறையில்தான். நாங்கள் கடை கண்ணி என்று கிளம்புவோம். அவள் அறைக்குள் போய் ஜன்னல் துணியை இழுத்துவிட்டால், மறுநாள் வண்டி வந்து நிற்கும்போதுதான் வெளியே வருவாள். போனதிலேயே எந்த ஊர் பிடிக்கும் என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டதற்கு, "எல்லா ஊர்லயும் கட்டில் ஒரே மாதிரிதான்டீ, நல்லா இருக்கும்" என்றாள். அந்தப் பெண் கேலி என்று நினைத்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூக்கித் தூக்கி அவளுடைய இடது தோள் போய்விட்டது. கை மார்புக்கு மேலே எழாது. டாக்டர் பார்த்துவிட்டு, முதலில் பாரம் தூக்குவதை நிறுத்துங்கள் என்றாராம். என் பாரம் கட்டிலில் படுத்திருக்கிறது டாக்டர், அதை யார் தூக்குவது என்று இவள் கேட்க, அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கம்பெனியிடம் அவள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் தரை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பயணிகள் தொலைபேசியில் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளும் பிரிவு ஒன்று இருக்கிறது, அங்கே போய் உட்கார வேண்டும். காலையில் போய் சாயங்காலம் வீடு. ஒவ்வொரு ராத்திரியும் வீடு. சம்பளம் குறைவதைப் பற்றிக்கூட அவள் பேசியதில்லை. "தூக்கம் போயிடும்டீ" என்றுதான் சொல்வாள்.

படத்துப் பொண்ணு இருந்தவரை பிழைப்பு ஓடியது. படம் ஓடும்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். மேல் அடுக்கில் பெட்டி தூக்கிவைக்கிற வேலை வந்தால் நான் குறுக்கே புகுந்துவிடுவேன். அவளை நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓடுவதைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு சுறுசுறுப்பு என்று தம்பி நினைத்திருப்பான்.

அன்றைக்கு மதிய விமானம். கடைசி வரிசையில் மேடம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று கூடவே பறந்து பார்த்து எழுதுகிறவள். அக்காவுடன் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள்தான், நாற்காலி உயர்ந்ததும் நாங்களும் மேடம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். கதவு மூடியாயிற்று. திரைகள் இறங்கின, நடுங்கின, கோடு கோடாகக் காட்டின, மறுபடி மேலே போய் ஒட்டிக்கொண்டன. தம்பி பொத்தானை அமுக்கிப் பார்த்தான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். விமானி உள்ளே இருந்து என்னப்பா ஆச்சு என்று கேட்டுவிட்டார். படம் ஓடாவிட்டால் கையால் காட்டியாக வேண்டும், அதுதான் சட்டம். கையால் காட்டுகிறோம் என்று தம்பி அறிவித்துவிட்டான்.

முன் வரிசையில் நான், நடுவில் அக்கா. மேல் அடுக்கிலிருந்து, காட்டுகிற சாமான்கள் இருக்கும் மஞ்சள் பையை எடுத்து அவள் கையில் கொடுக்கும்போது, என்னக்கா செய்யப்போறே என்று கிசுகிசுத்தேன். அவள் பையை வலது கையால் வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள்.

காட்டும்போது எங்கள் முகம் விமானத்தின் வாலைப் பார்த்து இருக்கும். அதனால் எனக்குத் தெரிந்தது அவள் முதுகும், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களும்தான். படம் ஓடினால் ஒருத்தனும் நிமிர மாட்டான். நாங்கள் நேரில் நின்றதும் எல்லோருக்கும் வேடிக்கை வந்துவிட்டது. ஒருத்தன் போனை வேறு தூக்கிப் பிடித்தான். அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போல இருந்தது, ஜன்னல் திறக்காதே.

பெல்ட் சரியாகப் போயிற்று. முகமூடியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டிச் சமாளித்தாள். கதவுகளைக் காட்டும்போது வலது கை நேராக நீண்டது, இடது கை இடுப்பருகே மடங்கி நின்றது. தம்பி மிதவைச் சட்டை என்று படித்தான். நான் மாட்டிக்கொண்டேன். அக்கா வலது கையால் சட்டையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். மறு பக்கத்தை இழுத்துவிட இடது கை வரவில்லை. சட்டை கோணலாக இறங்கி அவள் முகத்தை மூடிக்கொண்டது. அவள் இழுக்க இழுக்க அது காதில் மாட்டி இறுகியது. பின் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தம்பி படிப்பதை நிறுத்திவிட்டான். மஞ்சள் துணிக்குள் தலையை வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.

அப்போது கொஞ்சம் பின்னால், நடைவழி ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். எழுந்திருக்கக் கூடாத நேரம் அது. இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து, காதை விடுவித்து, மெதுவாகத் தலைவழியே இறக்கிவிட்டார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு மாட்டிவிடுவது போல இருந்தது. மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். அக்கா பட்டையை வலது கையால் இடுப்பில் சுற்றிப் பூட்டினாள். தம்பி விட்ட இடத்திலிருந்து படித்தான்.

போய் இறங்கி, பயணிகள் எல்லோரும் போன பிறகு மேடம் எங்களிடம் வந்தாள். கையில் பேனா. சட்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, பட்டை சிக்கிவிட்டது மேடம், பழைய சட்டை, மாற்றச் சொல்லி எத்தனை தடவை எழுதிப் போட்டோம் என்று பூசி மெழுகினேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பாள். பழைய சிநேகிதம் அவள் முகத்தில் தெரிந்தது.

"சட்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "எனக்குத்தான் கை வரல."

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. பின் கதவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கைப்பிடியை மேல தூக்கினாத்தான் கதவு தொறக்கும். என்னால ஒரு சட்டையே போட முடியல."

மேடம் பேனாவை மூடினாள். எத்தனை நாளாக என்று கேட்டாள், வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டாள். அப்புறம் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொன்னாள். நாளைக்குத் திரும்பும்போது அக்கா வேலையில் இல்லை, பயணியாக உட்கார்ந்து வர வேண்டும். போனதும் கம்பெனி டாக்டர். அதற்கப்புறம் தரை வேலை. குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஓட்டலுக்குப் போகும் வண்டியில் ஏறியதுமே நான் பிடித்துக்கொண்டேன். மேடமே விட்டுவிடுகிறேன் என்று நிற்கும்போது உனக்கு எதற்கு இந்த அரிச்சந்திரன் வேஷம், உன் வாய்தான் உனக்குச் சத்துரு என்று கண்டபடி திட்டினேன். திட்டித் தீர்க்கும்வரை அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டிவிட்டாரே ஒருத்தர், அவரு வரிசைக்கு என் கதவுதான்டீ கிட்ட" என்றாள். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவரு என்கிட்டத்தான் ஓடி வருவாரு."



மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது அவள் கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. ராத்திரி தூங்கவே இல்லை என்றாள். கொழுந்தனிடம் போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் ராத்திரியில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் அல்லவா அண்ணி, அப்படியானால் நான் என் குடும்பத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். அவன் சொன்னதிலும் தப்பு இல்லைதான். ஆனாலும் எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திரும்பும் விமானத்தில் திரைகளைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். ஆள் குறையக் கூடாது என்று அந்த ஊரிலிருந்தே ஒரு பெண்ணை ஏற்றிவிட்டிருந்தார்கள், அக்காவின் கதவில் அவள் நின்றாள். அக்காவுக்குப் பின்பக்கம் ஜன்னல் இருக்கை. பக்கத்து இருக்கையைக் காலியாக வைக்கும்படி மேடம் சொல்லியிருந்தாள். படத்துப் பொண்ணு பெல்ட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். சாப்பாட்டு வண்டியை அந்த வரிசையில் சத்தம் இல்லாமல் தள்ளினேன். இறங்குவதற்கு முன்னால் அவள் இருக்கையை நானே நிமிர்த்திவிட்டேன், அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. சக்கரம் தரையில் மோதிய அதிர்ச்சியில் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன. அக்கா அசையவில்லை.

பயணிகள் இறங்கினார்கள். நடைவழி காலியாயிற்று. தம்பி வந்து, அக்காவை எழுப்புங்க, வண்டி காத்திருக்குது என்றான். சரி சரி, நீ போ என்றேன். துப்புரவு செய்கிற பெண்கள் பைகளோடு ஏறினார்கள். அவர்கள் பின்பக்கத்தில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். இன்றைக்கு முன்னாலிருந்து வாங்கம்மா என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் போனார்கள்.

நான் அவள் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். தோளைத் தொட்டால் போதும். தொட்டால் விழித்துக்கொள்வாள், விழித்தால் கிளம்பி வீட்டுக்குப் போவாள், போனதும் கைப்பையை வைத்துவிட்டு அவரைத் தூக்குவாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. துப்புரவுப் பெண்கள் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு, பெல்ட்டுகளை மடித்துப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு, எழுப்பிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வரிசை இருக்குல்ல" என்றேன். "அதை முடிச்சிட்டு வாங்கம்மா."