எத்தனையாவது இளையபெருமாள்

ஞானசௌந்தரியைப் பற்றி எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. அவள் கதை கட்டுரை எதுவும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். 1985 முதல் நான்கு வருடம் நாங்கள் இருவரும் காரைக்காலில் ஒரே மாடியறையில் வேலை பார்த்தோம். அவள் புரோகிராம் எழுதினாள், நான் அதற்குக் கையேடு எழுதினேன். "அலாவுதீனுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்பார் எங்கள் முதலாளி. அந்த அறையில் மந்தமானவன் நான்தான் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

முதலாளி கஸ்தோன் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரீஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டர்களோடு ஊர் திரும்பியவர். அங்கே இருந்த நண்பர்களின் கம்பெனிக்கு ஒரு டீபக்கர் செய்து தருவதாக ஒப்பந்தம். ஒரு புரோகிராம் எங்கே தப்புச் செய்கிறது என்று பார்ப்பதற்காக, அதை வரி வரியாக நடக்கவிட்டுக் காட்டும் இன்னொரு புரோகிராமுக்குப் பெயர்தான் டீபக்கர். நாங்கள் பார்த்த டீபக்கர்கள் முன்னால் மட்டுமே நடந்தன. கஸ்தோனுடையது பின்னாலும் நடக்க வேண்டும், கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தினால் நடந்து முடிந்த வரிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு சாவிக்காகத்தான் சௌந்தரியை வேலைக்கு வைத்தார்.

அவள் பக்கத்துப் பூவம் கிராமத்துப் பெண், கணக்கில் பி.எஸ்ஸி. இங்கே வருவதற்கு முன்பு மத்லேன் என்ற அம்மாளிடம் இருந்தாள். பிரான்சுக்கு மனுப் போடுகிறவர்களுக்கு வம்ச வரிசை தயாரித்துக் கொடுப்பது மத்லேனின் தொழில். பழைய பிறப்புப் பதிவுகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டி, மகன், தகப்பன், பாட்டன் என்று தேடி நகல் எடுப்பது சௌந்தரியின் வேலை. "பின்னால போறது எனக்குப் பழக்கந்தாங்க முசியே" என்று முதல் நாளே பிரெஞ்சு 'ஐயா' போட்டு அவள் சொன்னது கஸ்தோனுக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வேலையை ஏன் விட்டாள் என்பதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். நெரவிக்காரர் ஒருவர் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். பெயர் இளையபெருமாள், தகப்பன் பெயர் வைத்தியலிங்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பாட்டன் வழியாகக் கேட்டிருந்தார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுதானே வழக்கம். ஆகவே அந்தப் பாட்டனும் வைத்தியலிங்கம் மகன் இளையபெருமாள்தான். சௌந்தரி பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய், அந்தப் பெயர் வந்த இடத்தில் நின்று நகல் எடுத்துவிட்டாள். அது பாட்டன் இல்லை. மனுப் போட்டவருக்கு முன்னால் பிறந்து குழந்தையிலேயே இறந்துபோன அண்ணன். அந்தக் குழந்தை போனதும் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். வருடத்தைப் பார்த்திருந்தாலே போதும். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்திவிட்டால் ஆள் அவன்தான் என்று எடுத்துக்கொண்டாள். பேரனைவிட ஐந்தே வயது மூத்த பாட்டனோடு மனு போய்ச் சேர்ந்தது, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. திருத்திப் போடுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. மறுநாள் முதல் சௌந்தரி அங்கே போகவில்லை.

அதே இளையபெருமாள் எங்கள் மாடிக்கு ஜெனரேட்டர் பார்க்க வந்து சேர்ந்தார். காரைக்கால் அவ்வளவு சின்ன ஊர். தினமும் நெரவியிலிருந்து சைக்கிளில் வருவார், கரண்டு போனால் மெஷினை ஓட்டுவார், வந்தால் நிறுத்துவார். அவருக்கு மத்லேனைத்தான் தெரியும், உள்ளறையில் உட்கார்ந்து எழுதிய பெண்ணைத் தெரியாது என்று சௌந்தரி நம்பினாள். நானும் நம்பினேன். மூன்று வருடத்தில் அவள் அவரோடு முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. டீசல் வாங்க வேண்டுமென்றால்கூடச் சீட்டு எழுதி என்னிடம்தான் கொடுத்து அனுப்புவாள். உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வரும்.

1988 மார்ச்சில் பாரீஸிலிருந்து புகார் வந்தது. புரோகிராமுக்குள் ஒரு தனி வேலையைச் செய்கிற பகுதிக்கு ஃபங்ஷன் என்று பெயர். தன்னைத் தானே அழைக்கிற ஃபங்ஷனில் எங்கள் பின்சாவி தடுமாறுகிறதாம்.

கையேட்டில் நான் எழுதிய உதாரணத்தையே சொல்கிறேன். ஐந்தை அதற்குக் கீழே உள்ள எண்களால் எல்லாம் பெருக்க வேண்டும். ஐந்துக்கு விடை சொல்ல, அந்த ஃபங்ஷன் நான்குக்கு விடை என்ன என்று தன்னையே கேட்கும். நான்கு மூன்றைக் கேட்கும். இப்படி ஒன்றுவரை இறங்கி, விடைகளோடு மேலே ஏறி வரும். விடை வந்த பிறகு மூன்றில் நின்றுகொண்டு பின்சாவியை அழுத்தினால், உள்ளே நடந்ததை எல்லாம் தாண்டி, மூன்று கேள்வி கேட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் டீபக்கர் இரண்டில் போய் நின்றது. திரையில் பார்த்தால் வரி அதே வரி, எண் மட்டும் வேறு.

"வெள்ளிக்கிழம காலையில ஆத்ரியேன் பாரீஸ் கெளம்புறா" என்றார் கஸ்தோன். ஆத்ரியேன் அவருடைய தங்கை. "சனிக்கிழமன்னா திருநள்ளாத்துக் கூட்டத்துல பஸ்ல கால் வைக்க முடியாது. டிஸ்க்க அவகிட்ட குடுத்து அனுப்பணும். அதுக்குள்ள சரியா வரலன்னா அந்தச் சாவிய எடுத்துடு சௌந்தரி."

"சாவிய எடுத்துட்டா எனக்கு இங்க என்ன வேலைங்க முசியே?"

கஸ்தோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில் என்று எனக்கே புரிந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போயின. கோளாறு எங்கே இருக்கலாம் என்று சௌந்தரி எனக்கு விளக்கினாள். விளக்கும்போது தனக்கே பிடிபடும் என்று நினைத்திருப்பாள்.

"நடந்த வரி எல்லாத்தையும் வரிசையா எழுதி வச்சிருக்கு. சாவிய அழுத்துனா அதப் பின்னாலேருந்து படிச்சுக்கிட்டே வரும். எங்க நிக்கணும்னு எப்புடித் தெரியும்? ஃபங்ஷன் பேரப் பாக்கும். அதக் கூப்புட்டது யாருன்னு அந்தப் பேரையும் பாக்கும். ரெண்டும் பொருந்துனா நின்னுடும்."

"சரியாத்தானே இருக்கு" என்றேன். என் அறிவு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இளையபெருமாள் ஒரு பொட்டலம் கற்கண்டோடு மேலே வந்தார். மகனுக்குப் பிள்ளை பிறந்து பெயர் வைத்தாயிற்று.

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

"எம்பேருதான் பாய். வேற என்ன வைக்கிறது? எம்மவன் வைத்தியலிங்கம், அவன் மவன் இளையபெருமாள். எங்க வீட்டுல அவ எம்பேரச் சொல்ல மாட்டாளா, புள்ளையக் கூப்புட முடியாம 'ஏ, இந்தா'ன்னு கெடக்கா."

நான் சிரித்தேன். சௌந்தரி சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பேரும் ஒண்ணு, தகப்பன் பேரும் ஒண்ணு. ஒங்க வீட்டுல எப்புடிங்க ஆளப் பிரிச்சுச் சொல்லுவீங்க?"

"எண்ணிக்க வேண்டியதுதாம்மா. மொதல் ஆளுலேருந்து நான் அஞ்சாவது. எம்மவன் ஆறாவது, புள்ள ஏழாவது."

அவள் கற்கண்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள். அது அவள் கையிலேயே பிசுபிசுத்துப் போயிற்று, வாயில் போடவில்லை. மூன்றைக் கேட்டாலும் இரண்டைக் கேட்டாலும் ஃபங்ஷன் பெயர் ஒன்றுதான், அழைத்தவர் பெயரும் அதுதான். பெயரை நம்பிப் பயனில்லை. சாவியை அழுத்தும்போது எத்தனையாவது அழைப்பில் நிற்கிறோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு, பின்னால் போகும்போது எந்தப் பெயர் வந்தாலும் நிற்காமல், அந்த எண் திரும்ப வரும்வரை போக வேண்டும். எழுதிச் சேர்த்தது பத்து வரிகூட இல்லை. மூன்று மணிக்குச் சாவியை அழுத்தினாள். திரையில் மூன்று என்று நின்றது. நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தோம். மூன்றிலிருந்து அது அசையவே இல்லை.

கஸ்தோன் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். சாவியும் தப்பியது, சௌந்தரியின் வேலையும் தப்பியது. அவள் முகத்தில் அதற்கான களை எதுவும் இல்லை. மாடிப்படியில் போய் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் மேல வாங்க."

கையைத் துடைத்தபடி வந்தவரிடம், உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் சொன்னாள். "மத்லேன் அம்மாகிட்ட ஒங்க காகிதத்த எழுதுனது நான்தாங்க. ஒங்க தாத்தான்னு நெனச்சு அண்ணன எழுதிட்டேன்."

இளையபெருமாள் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "தெரியும்மா. திரும்பி வந்த காகிதம் வீட்டுல இருக்கு. டீசலுக்கு நீங்க எழுதி அனுப்புற சீட்டுலயும் அதே எழுத்துதானே."

"ஒரு வார்த்த கேக்கலியே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் நான் அவருக்கு ஒன்றும் தெரியாதென்று நினைத்துக்கொண்டு, அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். சௌந்தரி அழுதாள். அவர் அதைப் பார்க்காதவர்போல, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தார். பிள்ளையின் பிறப்பைப் பதியும் படிவம்.

"நீங்களே எழுதிக் குடுத்துடுங்கம்மா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். பிள்ளையின் பெயரை எழுதினாள், தகப்பன் பெயரை எழுதினாள். பிறகு எழுதாமல் நிறுத்தினாள்.

"ஏழாவதுன்னு எங்கங்க எழுதுறது?"

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா. தேதிய மட்டும் பாத்து எழுதுங்க."

அவர் தேதியைச் சொன்னார். எழுதியதை அவரிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டிய பிறகுதான் தாளைக் கொடுத்தாள்.