குப்புசாமி மில்லும் நான் எழுதிய ஐந்து தலைப்புகளும்

இணையதளம் செய்து கொடுக்கிற தொழிலில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது நாம், அதை இஷ்டப்படி மாற்றிக் கூப்பிடுவது தேடுபொறி, பெற்றவர்களிடம் திட்டு வாங்குவது மறுபடியும் நாம்.

தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இதே தொழிலில் அவதிப்படும் உடன்பிறப்புகளுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நாங்கள் ஒரு தலைப்பு எழுதுவோம். நீங்கள் தேடும்போது நீல எழுத்தில் தெரிய வேண்டியது அதுதான். பிடிக்காவிட்டால் தேடுபொறி அதை வெட்டும், அல்லது வேறெங்கிருந்தாவது ஒன்றைப் பொறுக்கி வந்து ஒட்டும். நம்மை ஒரு வார்த்தை கேட்காது.

ஓனர் எங்கே?

தனலட்சுமி அக்கா இண்டூர்ப் பக்கம் மாவு மில் நடத்துகிறார். முன்பு அது அவருடைய கணவரின் அண்ணன் குப்புசாமியிடம் இருந்தது. கட்டுப்படியாகவில்லை என்று அவர் பூட்டிப்போட்டதை அக்கா எடுத்து, புது மோட்டார் மாட்டி, சத்துமாவு பாக்கெட் போட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. பெரியவர் இப்போதும் தினம் வந்து மில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். போன் அடித்தால் முதல் ஆளாக எடுப்பார். வேறு வேலை கிடையாது.

மில்லுக்குத் தன் பெயர் வரவேண்டும் என்றுதான் அக்கா என்னிடம் வந்தார். நானும் 'தனலட்சுமி நவீன மாவு அரவை ஆலை மற்றும் சத்துமாவு உற்பத்தி நிலையம், இண்டூர்' என்று மூச்சுமுட்ட ஒரு தலைப்பு எழுதினேன். ஒரு வாரம் கழித்துத் தேடினால் 'குப்புசாமி மில்' என்று நிற்கிறது! எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. ஊர்க் கடைகளைப் பட்டியல் போடும் இரண்டு மூன்று தளங்கள் பழைய பெயரைப் போட்டு அக்காவின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. தேடுபொறி அவர்களை நம்பிவிட்டது. குப்புசாமி அதைப் போனில் எடுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்: "ஓசூர்ல இருந்து போன் பண்றாங்க. பெரியவரு இல்லாதப்ப நான் எடுத்தா, 'குப்புசாமி மில்லா, ஓனர்கிட்ட குடுங்கம்மா'ன்றாங்க. பெல்ட்டு மாட்டறதும் நானு, மூட்டை தூக்கறதும் நானு. நான் யாருகிட்ட தம்பி குடுக்கறது?"

ஆணி

அடுத்தவர் கல்யாண மண்டபத்துக்காரர். அப்பா பெயர், தன் பெயர், மகன் பெயர் மூன்றும் தலைப்பில் வரவேண்டும் என்றார். போட்டேன். பக்கத்தின் மேலே சிவப்பில், இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்தாக ஓர் எச்சரிக்கையும் கேட்டார். அதையும் போட்டேன். வாடிக்கையாளர் சொன்னால் தட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தேடுபொறி மூன்று தலைமுறையையும் தூக்கி எறிந்துவிட்டு, பெரிய எழுத்தில் இருந்ததை எடுத்துத் தலைப்பாக வைத்துக்கொண்டது. தர்மபுரியில் கல்யாண மண்டபம் என்று தேடியவர்களுக்கு 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று வந்தது. தேதி கேட்க வந்த பெண் வீட்டார், சம்பந்தம் பேசும் முன்பே சண்டைக்கு நிற்கிறாரே என்று வேறு மண்டபம் பார்த்துவிட்டார்கள். எழுத்தைச் சின்னதாக்கினால் சரியாகும், கொஞ்ச நாள் பிடிக்கும் என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை.

"அந்த ஆபீசு எங்க இருக்குது? பெங்களூர்னா சொல்லு, நம்ம சம்பந்தி அங்கதான் இருக்காரு. நேர்ல போயி ஒரு வார்த்தை சொன்னாருன்னா முடிஞ்சிது."

வத்தல்

வத்தல்மலை வெள்ளையன் தன் நிலத்தில் விளைந்ததை நேரடியாக விற்பவர். 'சாமை, ராகி, தேன், வத்தல் மலை விவசாயியின் நேரடி விற்பனை' என்று தலைப்பு எழுதினேன். மலையின் பெயரை ஒன்றாகச் சேர்த்து எழுதாமல் நடுவே இடைவெளி விட்டது என் புத்திகெட்ட வேலை. நீளம் அதிகம் என்று தேடுபொறி கத்தரி வைத்தது. மிச்சம் நின்றது இவ்வளவுதான்: 'சாமை, ராகி, தேன், வத்தல்…'

அவர் மலையிறங்கி வந்து, ஊர் ஊராக போன் வருவதாகச் சொன்னார். மோர்மிளகாய் வத்தல் உண்டா, சுண்டைக்காய் வத்தல் உண்டா என்று கேட்கிறார்களாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றைக்கே சரிசெய்து விடுகிறேன் என்று கம்ப்யூட்டரைத் திருப்பினேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, வேணாங்க சார்! வூட்டுல சுண்டைக்கா காயப்போட்டாச்சுங்க."

ஊரை யார் பார்ப்பது?

அன்றைக்கு அக்காவும் பெஞ்சில் இருந்தார். அதற்குள் அவருக்கு ஐந்து தலைப்பு எழுதிப் பார்த்துவிட்டேன். நீளமாக, குட்டையாக, ஊர்ப்பெயரை முன்னால் போட்டு, பின்னால் போட்டு. ஐந்துக்கும் பதில் 'குப்புசாமி மில்'தான். நாம் எழுதுவதைவிட, அடுத்தவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி நம் பக்கத்துக்கு வழிகாட்டுகிறார்கள் என்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று, தோற்றவன் குரலில் விளக்கினேன்.

அக்கா உடனே வெள்ளையன் பக்கம் திரும்பினார். "சாமை எங்கண்ணா அரைக்கறீங்க? நம்ம மில்லுலதான? அத உங்க பக்கத்துல போடுங்க" என்றார். அடுத்து மண்டபத்துக்காரருக்குப் போன். அப்புறம் மகளிர் குழு, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அந்தப் பக்கங்கள் எல்லாமே நான் செய்தவைதான். எனக்கு இந்த யோசனை வரவில்லை என்பதுதான் வெட்கம். அவரவர் சொன்ன வார்த்தையை அப்படியே டைப் செய்து, அக்காவின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தேன்.

படியிறங்கும்போது அக்கா சொன்னார்: "நீ சொன்னா அவன் நம்பமாட்டான், ஊரு சொன்னாதான் நம்புவான். அவ்ளோதான? நீ தலைப்பு எழுது தம்பி, ஊர நான் பாத்துக்கறேன்."

ராங் நம்பர்

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலையில் தேடிப் பார்த்தேன். பெயர் மாறியிருந்தது! போனில் சொல்ல மனமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு இண்டூருக்கே போனேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையெல்லாம் மாவாக ராகி கொட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. மேஜை மேல் போன் அடித்தது. வழக்கம்போல் குப்புசாமி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "குப்புசாமி மில்லு" என்றார்.

"ராங் நம்பருங்களா? நாங்க தனலட்சுமி அக்கா மில்லுக்குப் போட்டோம்" என்றது எதிர்முனை. பெரியவர் போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இது அந்த மில்லுதான்" என்று மெதுவாகச் சொன்னார். "அப்ப நீங்க அங்க வேலை செய்யறவருங்களா? ஓனர்கிட்ட குடுங்க" என்றார்கள். அக்கா ஏதோ விஷயம் என்று மோட்டாரை நிறுத்தினார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எந்தத் தேடுபொறியாலும் சுருக்க முடியாது. குப்புசாமி போனைத் தன் துண்டில் ஒருமுறை துடைத்து, நாற்காலியிலிருந்து எழுந்து போய் நீட்டினார்.

"இந்தாம்மா, ஓனர கேக்கறாங்க."

நான் எழுதிய ஐந்து தலைப்புகளில் ஒன்றில்கூட 'அக்கா' என்ற வார்த்தை இல்லை என்பதைத் தொழில் தர்மத்துக்காக இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.